மூன்று பேர் நின்ற படம்

பத்து விநாடி எவ்வளவு நேரம் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்கலாம். மீன் பெட்டியின் மேல் வைத்த கமெராவின் பொத்தானை அமத்திவிட்டு, மணலில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து, வாசல்வரை ஓடி, திரும்பி நின்று, பாவாடையை இழுத்துவிட்டு, மூச்சு வாங்காதவள் போல முகத்தை வைத்துக்கொள்ளும் நேரம் அது.

அன்றைக்கும் அப்படித்தான் ஓடினேன். மட்டக்களப்பில், செட்டிபாளையத்தில், கடலை விட்டு விலகி வாவிப் பக்கமாகக் கட்டிய புது வீடுகளில் ஒன்று. சுவருக்கு இன்னும் வெள்ளை பூசவில்லை. சீமெந்து மணம் போகவில்லை. வாசலில் புவனேஸ்வரி அக்கா, வீட்டு இலக்கம் எழுதிய சிலேட்டை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். கமெராவுக்கு அருகில் அவருடைய கணவர் தவராசா அண்ணன் குந்தியிருந்து, அதன் முகத்தில் மினுங்கும் சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மினுங்குது, மினுங்குது! சிரியுங்க ரெண்டு பேரும்!"

"நீங்க வாயப் பொத்துங்க," என்றார் அக்கா, உதட்டை அசைக்காமல். "நீங்க ஊர்லயே இல்ல."

அது உண்மைதான். எங்கள் படிவத்தின்படி தவராசா அண்ணன் அன்று ஊரில் இல்லை. அப்படி எழுதியவள் நான்.

ஆள் இல்லாத கமெரா

சுனாமிக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேலையைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதத் தொடங்கி, சைக்கிளுக்குக் காற்றுப் போன கதையோடு நிறுத்திவிட்டேன். வேலை என்னவென்று கடைசிவரை சொல்லவே இல்லையே என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம்தான். எனக்கு எப்போதும் சைக்கிளில் ஏறினால் எங்கே போகிறேன் என்பது மறந்துவிடும்.

வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஓர் அமைப்பு. அதில் நான் களப்பணியாளர். வீடு முடிந்ததும் உரியவரிடம் கதவுத் திறப்பைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, படம் எடுத்து வர வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கமெராவைத் தந்தார்கள். வெள்ளி நிறம், சவர்க்காரப் பெட்டி அளவு, இரண்டு பென்டோர்ச் பட்டரி. நான் அதை ஒரு கைக்குழந்தையைப் போலத் துவாயில் சுற்றி வைத்திருந்தேன்.

தொடக்கத்தில் வீட்டின் முன் வீட்டுக்காரரை நிறுத்தி ஒரு படம் எடுத்தால் போதும். பிறகு வேறொரு மாவட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரே வீட்டை நாலு பக்கமும் நின்று எடுத்து நாலு வீடு என்று அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து புது விதி வந்தது. களப்பணியாளரும் படத்தில் நிற்க வேண்டும், வீட்டுக்காரர் பக்கத்தில், வீட்டு இலக்கத்தோடு.

நான் தனியே சைக்கிளில் போகிறவள். நானும் படத்தில் நின்றால் பொத்தானை யார் அமத்துவது? பக்கத்து வீட்டாரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருடைய விரல் வீட்டை மறைத்தது. இன்னொருவர் எங்கள் தலைகளை வெட்டிவிட்டு வானத்தை நன்றாக எடுத்திருந்தார். எங்கள் மனேஜர் படங்களைப் பார்த்துவிட்டு, "கமெராவிலயே அதுக்கு வழி இருக்காமே, கண்டுபிடியுங்க," என்றார். வழியைச் சொல்லும் புத்தகம் எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு மொழியில் இருந்தது.

மணிக்கூடு மாதிரி ஒரு குறி இருப்பதை நானே கண்டுபிடித்தேன். அதை வைத்து அமத்தினால் விளக்கு மெதுவாக மினுங்கத் தொடங்கும். கடைசி இரண்டு விநாடி படபடவென்று மினுங்கும். பிறகு தன்பாட்டில் படம் எடுத்துக்கொள்ளும். அப்படி வீட்டுக்குள் நான் எடுத்த முதல் படத்தில் என் இடது முழங்காலும் கட்டிலின் மேல் கட்டிய நுளம்பு வலையும் இருந்தன.

வெளியில் இன்னும் பெரும்பாடு. கமெரா வைக்க மட்டமான இடம் வேண்டும். நாலு சீமெந்துக் கல், அதன் மேல் ஒரு மீன் பெட்டி, கமெராவின் கீழே ஒரு நெருப்புப் பெட்டி. நெருப்புப் பெட்டி இல்லாவிட்டால் எங்களுக்குக் கால் மட்டும்தான் விழும். எல்லாம் சரியாக வந்தாலும் மனிதர்கள் சரியாக வர மாட்டார்கள். ஓடி வரும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஆள் இல்லாத கமெராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? ஒரு பெரியவர், பாவம் அது தனியே நிற்கிறதே என்று, எழும்பிப் போய் அதன் பின்னால் நின்றுகொண்டார்.

வெள்ளைத் தாள்

படம் என்றால் எங்கள் பக்கத்தில் அதுவரை ஸ்டூடியோதான். களுவாஞ்சிக்குடிக்குப் போய், முகத்துக்குப் பவுடர் போட்டு, நாடியைத் தூக்கு, கண்ணை வெட்டாதே என்று ஸ்டூடியோக்காரர் சொல்வதையெல்லாம் கேட்டு எடுக்க வேண்டும். கலியாணத்துக்கு ஒருமுறை, அடையாள அட்டைக்கு ஒருமுறை. அந்த இரண்டோடு ஒரு மனிதரின் படக் கணக்கு முடிந்துவிடும்.

அந்தச் சின்னக் கணக்கையும் கடல் கொண்டுபோனது. தண்ணீர் வற்றிய பிறகு ஆட்கள் மணலைக் கிளறிக்கொண்டு திரிந்தார்கள். நகை தேடுகிறார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பலர் தேடியது அல்பத்தை. கிடைத்தவற்றிலும் பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன, பிரித்தால் முகம் பக்கத்துப் பக்கத்தோடு போனது.

புவனேஸ்வரி அக்காவுக்கு அவருடைய கலியாணப் படம் சட்டத்தோடு அப்படியே கிடைத்தது. கண்ணாடிகூட உடையவில்லை. உள்ளே வெறும் வெள்ளைத் தாள். ஒரு மூலையில் மாலையின் சிவப்பு மட்டும் கொஞ்சம் ஊறிப்போய் இருந்தது. அதை அவர் எறியவில்லை. அண்ணனோடும் சின்ன மகளோடும் அப்போது இருந்த தகரக் கொட்டிலில் ஆணியடித்து மாட்டியிருந்தார்.

ஆர்ட வீடு

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுப்பாள். அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். தங்கைமாருக்கு வீடு கட்டிக் கொடுக்க மாடாக உழைப்பான், தனக்கென்று ஒரு வீடு கட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

புவனேஸ்வரி அக்காவின் வீடும் அப்படித் தாய் கொடுத்தது. சுனாமியன்று காலையில் வீடும் போனது, உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தாயும் போனார்.

புது வீடு ஒப்படைப்பதற்கு முதல்நாள் நான் கொட்டிலுக்குப் போனேன். அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலம அண்ணன் நிக்கட்டும் அக்கா. படம் எடுக்கணும். வீட்டு உறுதிப் பத்திரத்துக்கு அந்தப் படந்தான் போகும்."

"அவர்ட படம் என்னத்துக்கு?"

"அவர்தானே குடும்பத் தலைவர். படிவத்தில அவர்ட பேர்."

"அப்ப வீடு ஆர்ட பேருல வரப்போகுது?"

"அண்ணன்ட பேருல."

கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஆர்ட வீட்டில இரிக்காய் புள்ள?"

"அம்மாட வீட்டில."

"உன்ட அம்மாக்கு அது எப்படி வந்த?"

"அவட தாய் குடுத்த."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் புரிசன்ட வீடு?"

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்தத் திட்டத்தில் முப்பதுக்கு மேற்பட்ட படிவங்களை நிரப்பியிருந்தேன். எல்லாவற்றிலும் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தைக் கண்டதும் கை தன்பாட்டில் ஆணின் பெயரை எழுதியிருக்கிறது. வெளியூர்க்காரர் யாராவது அப்படி எழுதியிருந்தால் விளங்காமல் செய்தார் என்று சொல்லலாம். நான் விளங்கிக்கொண்டே யோசிக்காமல் செய்தேன்.

தவராசா அண்ணன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். குறைவாகப் பேசுகிற மனிதர், ஆனால் பேசினால் சிரித்துக்கொண்டுதான் பேசுவார்.

"எனக்கு என்னத்துக்குத் தங்கச்சி வீடு? இவட தாய்ட வீட்டுக்கு நான் ஒரு பொட்டியோட வந்தவன். அந்த மனிசியும் இல்ல, அந்த வீடும் இல்ல. அதுக்கு ஈடா வாற வீட்ட என்ட பேருல எழுதினா நான் களவெடுத்த மாதிரித்தான். நான் கடலுக்குப் போற ஆள். நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தா, என்ட தம்பிமார் வந்து இவளை வீட்ட விட்டு எழும்பு எண்டு சொன்னா ஆர் கேக்கிற?"

"ரூல் அப்படி அண்ணன்."

"உங்கட ரூலில, நாளைக்கு நான் ஊர்லயே இல்லாட்டி என்ன செய்வீங்க?"

வீட்டுக்குப் போய் விதிமுறைத் தாள்களைப் புரட்டினேன். யாரும் வாசிக்காத கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஒப்படைப்பு நாளில் குடும்பத் தலைவர் சமுகமளிக்காவிட்டால் அவருடைய வாழ்க்கைத் துணை வீட்டைப் பொறுப்பேற்கலாம், பொறுப்பேற்பவரின் பெயரும் படமுமே உறுதிக்குப் போகும். தவராசா அண்ணன் அதை வாசிக்காமலே கண்டுபிடித்திருந்தார்.

பிடிபட்டால் என் வேலை போகும். அது பரவாயில்லை, எனக்குச் சோறு போட அம்மா இருந்தார். ஆனால் விசாரணை என்று வந்தால் அவர்களுடைய வீடு நின்றுவிடும். தகரக் கொட்டிலில் இன்னொரு மாரிகாலம். அக்காவிடம் இதைச் சொன்னேன். "நிக்கட்டும்," என்றார் அவர். "புரிசன்ட வீட்டில இரிக்கிறத விடக் கொட்டில்ல இரிப்பன்."

மறுநாள் காலை, குறிப்பு எழுதும் இடத்தில் 'கணவர் ஊரில் இல்லை' என்று எழுதினேன். எதிரே அவர் எனக்காகச் சீமெந்துக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

சிலேட்

விளக்கு மெதுவாக மினுங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடி வந்து நின்றுவிட்டேன். அக்கா அண்ணனின் வாயை அடக்கியும் விட்டார். இன்னும் நாலைந்து விநாடி இருந்திருக்கும்.

"ஐயோ, சிலேட்!" என்று கத்தினார் அண்ணன்.

அக்கா சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். குனிந்து பார்த்தால் தனக்கு இலக்கம் நேராகத் தெரிய வேண்டும் என்று மேல்கீழாகத் திருப்பி வைத்திருக்கிறார். வீட்டின் இலக்கம் அல்லவா, தனக்குத் தெரிய வேண்டாமா?

அண்ணன் பாய்ந்து ஓடி வந்தார். சிலேட்டில் கை வைத்தார். விளக்கு படபடவென்று மினுங்கத் தொடங்கியது. "போங்க, போங்க!" என்று நானும் அக்காவும் ஒரே குரலில் கத்தினோம். திரும்பி ஓடப் பார்த்தார். கமெரா எடுத்துவிட்டது.

நானும் அண்ணனும் போய்ச் சின்னத் திரையில் பார்த்தோம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஊரில் இல்லாத மனுசன் வாய் நிறையச் சிரிப்போடு. எங்கள் இருவரையும் விட அவர்தான் தெளிவாக விழுந்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லா விழுந்திரிக்கன் தங்கச்சி," என்றார் அண்ணன். "ஸ்டூடியோக்காரன்கூட என்னை இப்படி எடுக்கல்ல."

அக்கா வாசலிலேயே நின்றார். "எத்தின பேர் விழுந்திரிக்கு?"

"மூண்டு பேர்."

"மூண்டு பேரா? அழி புள்ள. கூடாது."

மூன்று பேர் சேர்ந்து படம் எடுக்கக் கூடாது என்பார்கள். எடுத்தால் மூவரில் ஒருவருக்கு ஆகாதாம். ஸ்டூடியோவில்கூட மூன்று பேர் போனால் ஒரு பொம்மையையாவது கையில் கொடுத்து நாலாக்குவார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தப் படம் கமெராவில் இருக்கக் கூடாது என்பதற்கு எனக்கு வேறு காரணம் இருந்தது. சாயங்காலம் மனேஜர் கமெராவை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

"ஒருக்காப் பாருங்க அக்கா, நல்ல சிரிப்பு," என்று திரையைக் காட்டப் போனேன்.

"பார்க்க மாட்டன். அழி."

குப்பைக்கூடைக் குறியை அமத்தினேன். நிச்சயமா என்று கமெரா கேட்டது. ஓம் என்றேன்.

இரண்டாவது தடவை அண்ணனை வீட்டின் பின்பக்கம் அனுப்பிவிட்டோம். படம் சரியாக வந்தது. சிலேட் நேராக, அக்கா நேராக, நான் ஒற்றைச் செருப்போடு.

ஆண்களே இல்லாத ஊர்

மனேஜர் அந்தப் படத்தையும் படிவத்தையும் பார்த்தார். கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வாசித்துவிட்டு, சரி என்றார். உறுதி புவனேஸ்வரி அக்காவின் பெயரில் வந்தது.

ஊரில் எதுவும் ஒளித்து வைக்க முடியாது. அடுத்த கிழமை நான் போன வீட்டில் அந்த மனிதரும் ஊரில் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. ஒருவர் மரமுந்திரிகைப் பற்றைக்குள் குந்தியிருந்து பீடி புகைத்தார், படத்தில் பற்றையிலிருந்து புகை போகிறது. இன்னொருவர் கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் குளித்தார்.

"உங்கட ஊர் ஆம்பிளையள் எல்லாம் எங்க போயிட்டாங்க?" என்று மனேஜர் ஒருநாள் கேட்டார்.

"கடலுக்கு சேர்."

"போன கிழமை முழுக்கக் கடலுக்குப் போக விடாம மறிச்செல்லோ கிடந்தது?"

நான் படிவத்தை நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் எல்லாவற்றையும் அறிந்துதான் போட்டார் என்று இன்றைக்கு நினைக்கிறேன். முன்னே எழுதிய முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளை மாற்ற வழி இருக்கவில்லை. அவை ஆண்களின் பெயரிலேயே போயின. அந்தப் பாரம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்தக் கதையை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். மரமுந்திரிகைப் புகைக்கு எல்லோரும் சிரிப்பார்கள், கடைசியில் கைதட்டுவார்கள். நான் அந்த இடத்தோடு நிறுத்தி உட்கார்ந்துவிடுவேன்.

முகம் கேட்ட படிவம்

அக்கா குடும்பம் புது வீட்டில் குடிபுகுந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், சண்டை மூண்ட காலம். கடலுக்குப் போக விடாமல் மறித்திருந்ததால் தவராசா அண்ணன் வாவி தாண்டி உன்னிச்சைப் பக்கம் நெல் வெள்ளாண்மை வெட்டப் போனார். நாலு நாளில் வாறன் என்று சொல்லிப் போனவர் வரவில்லை. சனம் இடம்பெயர்ந்து வந்தபோது அவரை ஓர் உழவு இயந்திரம் இழுத்த பெட்டியில் கண்டதாக ஒருவர் சொன்னார். வீதியோரம் நடந்து போகக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். இரண்டையும் அக்கா போய்த் தேடினார். முகாம் முகாமாகத் தேடினார்.

அண்ணன் பயந்தபடி அவருடைய தம்பி ஒருவர் வந்து வீட்டையும் வளவையும் சுற்றிப் பார்த்தார். அக்கா உறுதியை எடுத்துக் காட்டினார். தம்பி தேநீர் குடித்துவிட்டுப் போனார். கணவர் பெயரில் வீடு இருந்த பெண்கள், அவர் இறந்தார் என்று எழுதிக் கொடுக்கவும் மனமில்லாமல், இருக்கிறார் என்று கூட்டி வந்து காட்டவும் முடியாமல் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்ததைக் கண்டிருக்கிறேன். அக்காவுக்கு அந்த அலைச்சல் இல்லை. வீடு அவருடையது, பிறகு மகளுடையது.

யுத்தம் முடிந்து சில காலத்தின் பின், காணாமற்போனவர்களின் விவரம் எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். களுவாஞ்சிக்குடியில் ஒரு மண்டபம். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், வயது, உயரம், கடைசியாக அணிந்திருந்த உடை. அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். மேசையில் இருந்த இளைஞன் வாங்கிப் பார்த்தான். மரியாதையான பிள்ளை.

"போட்டோ ஒண்டு வேணும் அம்மா. முகம் தெரியக்கூடிய மாதிரி."

அக்கா தன் பையைத் திறந்தார். வீட்டு உறுதியின் பிரதி இருந்தது. அதில் அக்காவும் நானும் நின்றோம். இன்னொரு படம், யாரோ ஒருவரின் கலியாணத்தில் எடுத்தது, பின்வரிசையில் ஒரு காதும் கொஞ்சம் முடியும். "இதுதான் அவர்," என்று காதைத் தொட்டுக் காட்டினார். அடையாள அட்டை அவருடைய பொக்கற்றோடு போய்விட்டது. அதற்குப் படம் எடுத்த ஸ்டூடியோ மூடி நாளாகிவிட்டது. கலியாணப் படம்தான் வெள்ளைத் தாள்.

"முகம் தெரியிற படம் ஒண்டும் இல்லையா?"

"இல்ல மகன்."

இருந்தது தம்பி, நான் அழித்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமத்தினார். படம் இல்லாமலே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அவன் முத்திரை குத்தினான்.

பிறகு நான் அலைந்தேன். அந்தக் கமெராவையும் அதில் படம் சேரும் சின்ன அட்டையையும் தேடிப் பிடித்தேன். அழித்த படத்தையும் சிலவேளை மீட்கலாம் என்று கணினி தெரிந்த ஒருவர் நம்பிக்கை தந்தார். அவர் இரண்டு நாள் முயன்றார். அந்த இடத்தின் மேல் எத்தனையோ வீடுகளின் படங்கள் ஏறியிருந்தன.

சேட்

அன்று மண்டபத்தை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"நீ ஏன் அழுறாய்? மூண்டு பேர் எண்டு நான்தானே அழிக்கச் சொன்ன," என்றார் அக்கா. "அழிச்சாப் போயிரும் எண்டு நினைச்சன்."

பஸ் வந்தது. ஏறவில்லை. அது போன பிறகு கேட்டார்.

"நீயும் அவரும்தானே அதப் பார்த்த. எப்படி நிண்டவர்? சொல்லு."

சொன்னேன். கை சிலேட்டில், ஒரு கால் நிலத்தில் இல்லை, உடம்பு ஓடுகிறது, முகம் மட்டும் நேரே பார்த்துச் சிரிக்கிறது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்த பஸ்ஸும் போனது.

அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம், எல்லா நாளும் இல்லை, சில நாள், தேநீர் குடித்து முடிந்த பிறகு, "அந்தப் படத்தச் சொல்லு புள்ள," என்பார். சொல்வேன். மகளும் வந்து கதவோரம் நின்று கேட்பாள். வருடங்கள் போகப் போக எனக்கு அது இன்னும் தெளிவாகத் தெரிவது போல இருந்தது. நீலச் சேட், கை மடித்திருந்தது, பீடிக்கட்டு வைத்து பொக்கற் தொங்கியது என்றெல்லாம் சொல்வேன்.

போன மாதம், இதை எழுதப் போகிறேன் என்று அனுமதி கேட்கப் போனேன். அக்காவுக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. "எழுது," என்றார். "முதல்ல எனக்கு ஒருக்காச் சொல்லு. சரியா எண்டு பார்ப்பம்."

சொல்லிக்கொண்டு வந்தேன். நீலச் சேட்டில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அண்டைக்கு அவர் சேட் போடல்ல."

"போட்டிருந்தவர் அக்கா. கைய மடிச்சு விட்டு. எனக்கு நல்லா ஞாபகம்."

"நீலச் சேட் நான் அடுத்த சித்திரைக்கு எடுத்துக் குடுத்தது. அதோடதான் போனவர். படிவத்தில நீதானே எழுதின."

எழுதினேன்தான். கடைசியாக அணிந்திருந்த உடை: நீல நிறச் சேட், கை மடித்தது. என் கையெழுத்து எப்போது என் ஞாபகத்துக்குள் போய் அவருக்கு அந்தச் சேட்டைப் போட்டுவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக நான் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அண்ணன் போன நாளின் சேட்டை.

"அப்ப ஏன் அக்கா ஒருநாளும் சொல்லல்ல?"

"நீ அழுவாய் எண்டுதான்." கோப்பைகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தார். "ஆனா எழுதிறதெண்டா அதக் கழட்டிப்போட்டு எழுது புள்ள. அண்டைக்கு அவர் எங்கயும் போகல்ல. வீட்டிலதான் நிண்டவர்."

ஆகவே திருத்தி எழுதுகிறேன். வெள்ளை பூசாத ஒரு வீட்டின் வாசல். இடப்பக்கம் புவனேஸ்வரி அக்கா, கையில் தலைகீழாகச் சிலேட். வலப்பக்கம் நான். நடுவில் தவராசா அண்ணன், சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார், வாய் திறந்து சிரிக்கிறார். மேலில் சேட் இல்லை.